சதுக்கத்தில் கவிழும் ஆட்சிகள்

ரெய்க்யாவிக்கில் பிரதமரின் அலுவலகத்தைத் தேடிப் போகிறவர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடலாம். சாலையோரப் புல்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டிடம், அவ்வளவுதான். உயர்ந்த மதில் இல்லை, கறுப்புப் பூனைகள் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியது சிறைச்சாலையாக. பதவியிலிருந்து சிறைக்குப் போன அரசியல்வாதிகளை நமக்குத் தெரியும்; ஐஸ்லாந்தில் சிறைக்குள்ளேயே பதவி.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆஸ்துர்வோட்லுர் சதுக்கம். கோடையில் ஊரே புல்லில் படுத்து வெயில் காய்கிற இடம். ஒரு பக்கம் ஆல்திங் எனப்படும் நாடாளுமன்றம், 1881ல் எழுந்த கருங்கல் கட்டிடம். (சபை அதைவிட மிகப் பழையது; கி.பி. 930ல் திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் திறந்த வெளியில் கூடத் தொடங்கியது.) சுமார் 4 லட்சம் மக்களுக்கு 63 உறுப்பினர்கள். குடும்பப் பெயர் வழக்கம் அரிது. நம் இனிஷியல் போல அப்பாவின் பெயர்தான் ஒட்டிக்கொள்கிறது. அதனால் பிரதமரையும் எல்லோரும் வெறும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள்.

இந்தச் சதுக்கத்தின் மறுமுகம் 2009 ஜனவரியில் தெரிந்தது. 2008 அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்திருந்தன. விடுமுறைக்குப் பின் சபை கூடிய அன்று மக்கள் சட்டி, பானை, கரண்டியோடு வந்து தட்டத் தொடங்கினார்கள். இரவிலும் ஓயவில்லை. ஓஸ்லோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய கிறிஸ்துமஸ் மரம் நெருப்புக்குப் போனது. 1949க்குப் பிறகு முதல் முறையாகப் போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. அந்த மாத இறுதிக்குள் பிரதமர் கெய்ர் ஹார்டே விலகினார்.

ஒருமுறைகூடப் பயன்படாமல் கிடந்த, அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தைத் தூசி தட்டி, அதில் ஹார்டேயை நிறுத்தினார்கள். 2012ல் ஒரே ஒரு குற்றச்சாட்டு நிரூபணமானது: நெருக்கடி பற்றி அமைச்சரவையைக் கூட்டிப் பேசவில்லை. தண்டனை எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் அவர் வாஷிங்டனில் ஐஸ்லாந்தின் தூதர்!

ஹார்டேக்குப் பின் வந்தவர் யோஹன்னா சிகுர்தார்தோத்திர். தன்பால் உறவை மறைக்காத ஒருவர் ஒரு நாட்டின் அரசுக்குத் தலைமை ஏற்றது உலகில் அதுவே முதல் முறை. அவர் காலத்தில்தான் ஐஸ்லாந்து பெரிய கனவு ஒன்றைக் கண்டது. சாதாரணக் குடிமக்கள் 25 பேர் உட்கார்ந்து புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். 2012 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வரைவுக்கு ஆதரவு. எதிரே இருக்கும் கருங்கல் கட்டிடம் அதை நிறைவேற்றவில்லை. 2013 தேர்தலில், வங்கிகள் சரிந்தபோது ஆண்ட சுதந்திரக் கட்சியே கூட்டணி அரசுக்குள் திரும்பியது. ஆளைக் கவிழ்க்கச் சதுக்கத்துக்குச் சில நாள் போதும். ஒரு சட்டத்தை உள்ளே அனுப்ப அதால் முடியவில்லை.

இன்னொரு ஆள் 2016 ஏப்ரலில் கவிழ்ந்தார். பனாமா ஆவணங்களில் பிரதமர் சிக்முண்டுர் தாவீத் குன்லாக்சன் தம்பதியின் வெளிநாட்டுக் கம்பெனி அம்பலமானது. சரிந்த அதே வங்கிகளிடம் அந்தக் கம்பெனிக்குப் பண பாக்கி இருந்தது. டி.வி. பேட்டியில் கேள்வி வந்ததும் அவர் எழுந்து போய்விட்டார். பேட்டி ஒளிபரப்பான மறுநாள் சதுக்கம் நிரம்பியது. நாடாளுமன்றச் சுவரில் முட்டையும், 'ஸ்கீர்' என்னும் கெட்டித் தயிரும் வழிந்தன. அதற்கடுத்த நாள் பதவி போனது. அதே ஆவணங்களில் பெயர் வந்த பியார்னி பெனடிக்ட்சன் 2017 ஜனவரியில் பிரதமரானதுதான் வேடிக்கை. எட்டே மாதம். குழந்தையைப் பாலியல் வன்கொடுமை செய்து தண்டனை பெற்ற ஒருவரின் 'கௌரவத்தை மீட்க' நற்சான்றுக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் பியார்னியின் தந்தை என்பதும், அது மறைக்கப்பட்டதும் வெளியாயின. தோழமைக் கட்சி ஒன்று விலக, அரசு கவிழ்ந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரின் இருட்டுப் பக்கம் இது.

பிறகு வந்த கத்ரீன் யாகப்ஸ்தோத்திர், இடதுசாரி. வலதுசாரிகளோடு கூட்டணி வைத்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆண்டார். தனிப்பட்ட செல்வாக்குக்குக் குறைவில்லை. ஆனாலும் 2024ல் பிரதமர் பதவியை விட்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். கூட்டணிக்கு விலை கொடுத்தது கட்சி. அந்த நவம்பர் தேர்தலில் அதற்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

2024 டிசம்பரில் பிரதமரான கிறிஸ்த்ருன் ஃப்ரோஸ்ததோத்திர் அப்போது 36 வயதுப் பொருளாதார நிபுணர். அவர் அமைத்த கூட்டணியின் மூன்று கட்சிகளுக்கும் பெண்களே தலைமை, ஜனாதிபதியும் பெண். ஐரோப்பிய யூனியனில் சேரும் பேச்சைத் தொடரலாமா என்று 2027க்குள் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாகக் கூட்டணி ஒப்பந்தம் உறுதி சொன்னது. யோஹன்னா ஆட்சியில் 2010ல் தொடங்கிய பேச்சு அது. அதை முடக்கிய அடுத்த அரசு விண்ணப்பத்தையே திரும்பப் பெற முயன்றபோதும், 2014ல், சதுக்கம் நிரம்பியது.

குடிமக்கள் எழுதிய அரசியல் சட்டமோ வரைவாகவே நிற்கிறது. அதே சதுக்கத்தில், நாடாளுமன்றத்தின் கண்ணெதிரே, 2012ல் வைத்த ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது: பெரிய பாறை ஒன்றை இரண்டாகப் பிளந்து நிற்கும் கறுப்புக் கூம்பு. சட்ட மறுப்புக்கான சின்னம்.