"ஆகட்டும், ஐயா!"

மணிமுத்தாறு அணையின் அடிவாரத்தில் என் தந்தையார் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தார். மாஞ்சோலை மலைக்கு ஏறும் சாலை அவ்வழியேதான் செல்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு இறங்கிவரும் நாள்களில் கடை கலகலப்பாயிருக்கும். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களால் காசை எண்ணியபடியே, மழையையும் அட்டைக்கடியையும் மகளின் திருமணத்தையும் பற்றி உரக்கப் பேசிச் சிரிப்பார்கள். அவ்வேளையில் மேலதிகாரி எவரேனும் ஜீப்பில் வந்து நின்றால் போதும், பேச்சு அற்றுவிடும். தோளில் கிடந்த துண்டு கைக்கு வரும். அவர் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஐயா" என்பதே மறுமொழி. ஜீப் நகர்ந்த பின்னர், "அது எப்படி ஆகும்?" என்று தமக்குள் கேட்டுக்கொள்வார்கள்.

சிறுவனாயிருந்த எனக்கு அது மரியாதையாகவே தோன்றிற்று. "பெரியவர்களுக்கு எதிர்வார்த்தை பேசாதே" என்று என் தந்தையாரும் எனக்குக் கற்பித்திருந்தார். அந்தப் பாடத்தோடுதான் நான் படித்து, வளர்ந்து, சென்னையை அடுத்திருந்த ஒரு ஜெர்மானியத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன்.

2006ஆம் ஆண்டு. எங்கள் பிரிவின் தலைவராக ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஒருநாள் என்னை அழைத்து, "இந்தச் சரக்கை வெள்ளிக்கிழமைக்குள் முடித்து அனுப்ப இயலுமா?" என்று கேட்டார். அதற்குச் சற்றுமுன்தான் என்கீழ் வேலை செய்த கல்லிடைக்குறிச்சி இளைஞன், "அண்ணாச்சி, வெள்ளிக்குள் முடியாது. பழுதான இயந்திரத்துக்கு உதிரிப்பாகமே இன்னும் வந்து சேரவில்லை" என்று என்னிடம் சொல்லியிருந்தான். ஆயினும் நான் தலையை இருபுறமும் அசைத்து, "செய்துவிடலாம், ஐயா" என்றேன். 'முயன்று பார்க்கிறோம், உங்கள் சொல்லை மதிக்கிறோம்' என்பதே அதற்கு என் அகராதியில் பொருள். அவருடைய அகராதியிலோ அது வாக்குறுதி.

வெள்ளிக்கிழமை வந்தது, சரக்கு ஆயத்தமாகவில்லை. மறுநாள் அனைவரையும் கூட்டி வைத்து, "இந்தத் தடை எவருக்கும் முன்பே தெரியாதா?" என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. இயந்திரத்தின் பொறுப்பிலிருந்த அந்த இளைஞனே செய்தியை மறைத்தான் என்று முடிவு கட்டினார்கள். அவன் தற்காலிகப் பணியாளன்; அந்த மாதம் நிரந்தரமாகியிருக்க வேண்டியவன். அவனது பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவன் என்னை ஒருமுறை பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வார்த்தை பேசாதே என்று அவன் வீட்டிலும் கற்பித்திருப்பார்கள் அன்றோ!

இத்தகைய முரண்பாடுகளை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். கேர்ட் ஹாப்ஸ்டெட் என்னும் டச்சுக்காரர், ஐ.பி.எம். நிறுவனம் பல நாடுகளிலுள்ள தன் ஊழியரிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய விடைகளை ஆராய்ந்து 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிகாரம் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருப்பதைக் கீழிருப்போர் எவ்வளவு தூரம் இயல்பென ஏற்கிறார்கள் என்பதை அவர் 'அதிகார இடைவெளி' என்று பெயரிட்டு அளந்தார். அவரது அளவுகோலில் ஜெர்மனிக்கு 35, இந்தியாவுக்கு 77. ஜெர்மானியர் தலைவரின் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது அவமரியாதையன்று, கடமை. ஜப்பானியர் 'ஹை' என்று சொன்னால், பல வேளைகளில் 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்பதே பொருள். உடன்பாடு என்று கொண்டு ஏமாந்த வணிகர் பலர்.

இந்த எண்களைப் பின்னாளில் படித்தபோது எனக்கு முதலில் ஆறுதலாயிருந்தது. 'குற்றம் என்னுடையதன்று, என் நாட்டுப் பண்பாட்டினுடையது' என்று சொல்லிக்கொள்ளலாமே! ஆனால், மனச்சாட்சி அதை ஏற்கவில்லை. 77 என்பது நாம் பணிகிறோம் என்று காட்டுகிறதேயன்றி, ஏன் பணிகிறோம் என்று கூறுவதில்லை.

கடைக்கு வந்த அந்தத் தொழிலாளரை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் 1929இல் அம்மலையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. தேயிலைத் தோட்டம் எதுவாயினும், தொழிலாளி குடியிருக்கும் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் கூரையும் போகும். அப்படியானால் 'ஆகட்டும், ஐயா' என்பதில் மரியாதை பாதி, அச்சம் பாதி. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு முதலிய கோரிக்கைகளுடன் மாஞ்சோலைத் தொழிலாளர் திருநெல்வேலியில் ஊர்வலமாகச் சென்றபோது, காவல்துறையினர் தடியடி நடத்தினர். குழந்தை உட்பட 17 உயிர்கள் தாமிரபரணியில் மாண்டன. வாய் திறப்பதற்கு எங்கள் மக்கள் கொடுத்த விலை அது. அந்த நினைவை எந்த எண்ணால் அளப்பது?

அதே வேளையில், பேசாதிருப்பது நம் பிறவிக் குணமுமன்று. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்து, ஸ்காட்லாந்து நாட்டவரான ஹார்வி முதலாளிகளிடம் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். துணை கிடைத்தபோது எங்கள் சீமையார் பேசியே இருக்கிறார்கள்.

அந்த இளைஞனுக்கு நான் துணையாக இருந்திருக்க வேண்டும். மூன்று நாள் உறக்கமின்றிக் கழித்த பின்னர், பொறியாளரிடம் சென்று நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் சினம் கொள்வார் என எதிர்பார்த்தேன். அவரோ திகைத்துப் போனார்.

"நான் கேட்டபோதே ஏன் சொல்லவில்லை?"

"தாங்கள் பெரியவர், மறுத்துப் பேசக்கூடாது என்று..."

"உமக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதனால்தானே கேட்டேன்!"

இளைஞனின் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறியது. ஆனால் ஓராண்டு கழித்துத்தான். அந்த ஓராண்டுச் சம்பள வேறுபாட்டை அவன் வீட்டார் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் அவன் என்னை 'அண்ணாச்சி' என்றே அழைக்கிறான். அந்தச் சொல் என்னைச் சுடுகிறது.

அதன்பின் இருவரும் கற்றுக்கொண்டோம். 'முடியுமா?' என்று கேட்பதை அவர் விட்டுவிட்டார். 'எவையெவை தடையாக இருக்கின்றன?' என்று கேட்கலானார். ஊர் அறியக் கூட்டத்தில் கேளாமல், முன்னதாகத் தனித்தனியே பேசினார். ஜப்பானியர் இதனை 'நெமவாஷி' என்பார்கள். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்துதல் என்பது அச்சொல்லின் பொருள். நானோ, 'ஆகட்டும்' என்று சொல்லுமுன், இது மரியாதையா, அச்சமா என்று என்னையே கேட்டுக்கொள்ளப் பழகினேன். மரியாதையாயின் சொல்லில் பணிவிருக்கட்டும், உண்மை குறையலாகாது. அச்சமாயின், அதன் சுமை நமக்கும் கீழே உள்ள ஒருவன் தலையில்தான் விழும்.

வாசக அன்பர்களே, நம் பிள்ளைகள் இன்று பல நாட்டவரோடு வேலை செய்கிறார்கள். பெரியோரை மதிக்க அவர்களுக்குக் கற்பிக்கிறோம், நன்று. 'அப்பா, இது சரியில்லை' என்று பணிவாகச் சொல்லவும் நம் வீட்டிலேயே இடங்கொடுக்கிறோமா?

2024இல் தோட்ட நிறுவனம் தொழிலை நிறுத்தியபோது, மலையிலிருந்த குடும்பங்கள் வெளியேறும் நிலை வந்தது. கடையும் இன்று இல்லை. ஊருக்குச் செல்லும்போது அணைக்கரையில் சற்று நிற்பதுண்டு. 118 அடி நீரைத் தாங்கும் அச்சுவர் எவ்வளவு வலிமையானது! ஆனாலும், அதைக் கட்டியவர்கள் மதகு வைக்க மறக்கவில்லை.