அரை இஞ்ச் ஆட்டம்

உங்கள் வீட்டில் கியர் இல்லாத சாதா சைக்கிள் இருக்கிறதா? இருந்தால் நாளைக் காலை ஒரு காரியம் செய்யுங்கள். பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலே தூக்கி, பிறகு கீழே அழுத்திப் பாருங்கள். மொத்தமாக அரை இஞ்ச் ஆடினால் சுகம். ஒரு இஞ்சைத் தாண்டி ஆடினால், நடுரோட்டில் கழன்று விழ நேரம் பார்க்கிறது என்று அர்த்தம். ஆடவே இல்லையா? அது வேறு வியாதி.

இந்த நாடி வைத்தியத்தை நான் பார்த்தது சத்தியமங்கலத்தில். மல்லிகைப்பூ மார்க்கெட்டைப் பற்றி எழுதப் போயிருந்தேன். வெயிலுக்கு ஒரு சைக்கிள் கடையில் ஒதுங்கியபோது, பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி அரசாங்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் கிரீஸ்.

"தெனமும் கழண்டுக்குதுங்க தாத்தா. இன்னிக்கும் பரீட்சைக்கு லேட்டு. இப்பிடிப் போறதுக்கு நின்னுக்கோங்கறாரு அப்பா."

அவள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். அதுவும் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்துவராது. ஆக, அன்றைக்கு அந்தக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது வெறும் செயின் அல்ல.

"செயின மாத்தணுமுங்களா?" என்றாள். பெரியவர் பதில் சொல்லாமல் ஓரடி ஸ்கேலை எடுத்தார். செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து இன்னொரு ஆணியின் நடுவுக்கு அரை இஞ்ச். இருபத்து நாலு கண்ணிக்குச் சரியாகப் பன்னிரண்டு இஞ்ச் வரவேண்டும். அதற்கு மேல் அரைக்கால் இஞ்ச் நீண்டுவிட்டால் செயினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இல்லாவிட்டால் பல்சக்கரத்தையும் அது தின்றுவிடும்.

'செயின் இழுத்துடுச்சு' என்கிறோமே, இரும்பு ரப்பரா என்ன? ஒவ்வொரு மூட்டிலும் ஆணி துளித் துளியாகத் தேய்கிறது. நூறு மூட்டிலும் தேய்ந்ததைக் கூட்டினால் செயின் நீளமாகிவிடுகிறது. பி.காம். வகுப்பில் 'டிப்ரிசியேஷன்' என்பதற்குத் தமிழில் தேய்மானம் என்று எழுதினோம். அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னும் உசுரு இருக்குது அம்மிணி. முன்னால மாத்துனவங்க எண்ணிப் பாக்காம நீளமாப் போட்டுட்டாங்க" என்றார். பின்சக்கரத்து அச்சு ஏற்கெனவே காடியின் கடைசிக்கு வந்திருந்தது. இனி இழுக்க இடமில்லை. உள்கண்ணி ஒன்று, வெளிக்கண்ணி ஒன்று என ஜோடியாகக் கழற்றினார். ஒரு இஞ்ச் குறைந்தது. சக்கரம் முன்னால் வந்தது அரை இஞ்ச்தான். செயின் மேலும் கீழுமாக இரண்டு பக்கம் ஓடுகிறதே, கணக்குச் சரி. செயின் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது அடுத்த பாடம்.

"இன்னுங் கொஞ்சம் டைட்டா வச்சுருங்க தாத்தா."

"அப்பறம் மேட்டுல நீதான் கண்ணு மூச்சு வாங்கோணும்."

ரொம்ப இறுக்கினால் மிதிக்கக் கனக்கும், பேரிங் குண்டுகளும் சீக்கிரம் போய்விடும். பெரிய பல்சக்கரம் நூற்றுக்கு நூறு வட்டமாக இருப்பதில்லை. அதனால் பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அந்த அரை இஞ்ச் ஆட்டத்தை வைத்தார். சக்கரம் நடுவில் நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டு நட்டை முடுக்கினார்.

கியர் சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லை. தொய்வை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே அந்த மாதிரி கியரை 1937-ல்தான் அனுமதித்தார்கள். வெலோட்ரோம் பந்தய சைக்கிளில் கியரும் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலால் பின்னுக்கு அழுத்தித்தான் வேகம் குறைக்கவேண்டும். அங்கே செயின் கழன்றால் லேட்டாகாது, எலும்பு முறியும்.

தமிழ்நாட்டில் பெண் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் 2001-02-ல் ஆரம்பித்தது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு. பிறகு பிளஸ் ஒன் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வந்தது. எத்தனையோ வீடுகளில் படிப்பு அந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. அது நின்றுபோகப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. தொங்குகிற ஒரு செயின் போதும்.

எனக்கு ஒரு யோசனை. சைக்கிள் கொடுக்கிற அன்றைக்கே, பி.டி. பீரியடில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்கேலும் வைத்து இந்தப் பாடத்தை நடத்தினால் என்ன? பாடம் எடுக்க வாத்தியார் கூட வேண்டாம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.