மணலில் எழுதிய எழுத்து

பங்குப் பணியில் எத்தனையோ இல்லங்களின் படி ஏறியிருக்கிறோம். ஆறுதல் சொல்லச் சென்றதுண்டு. நோயில் கிடப்போருக்கு நற்கருணை கொண்டு சென்றதுண்டு. கண்டிப்பதற்கென்றே சென்று, கண்டனத்தை நாமே பெற்றுத் திரும்பியது ஒருமுறைதான். அதை மறைக்காமல் எழுதுவது நமக்கு ஓர் ஆன்ம சோதனையாக அமையும். வாசக அன்பர்களுக்கும் பயன்படலாம்.

திருச்சிராப்பள்ளியில் நாம் பணியாற்றும் ஆலயத்தை ஒட்டிப் பங்குப் பள்ளி ஒன்று உண்டு. அதன் தாளாளரும் நாமே. ஓராண்டு சூன் மாதத்தில் ஒரு குடும்பத்தினர் மூன்றாம் வகுப்பில் இருந்த மகனுக்கும் முதல் வகுப்பில் இருந்த மகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றனர். வேறு பள்ளி நாடியிருப்பர் என்று எண்ணினோம். சில வாரங்கள் கழித்து அன்பியக் கூட்டத்தில்தான் செய்தி தெரிந்தது. பிள்ளைகளை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. தாயே வீட்டில் பாடம் சொல்லித் தருகிறாராம்.

நமக்குச் சினம் வந்தது. ஆலயம் எழும்பும் இடத்தில் பள்ளியும் எழும்புவது தமிழகத் திருச்சபையின் மரபு. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883இல் இவ்வூருக்கு வந்தது. அக்கல்லூரியாலும் இங்குள்ள பள்ளிகளாலும் தலைநிமிர்ந்த ஏழைக் குடும்பங்கள் எத்தனை! அத்தகைய ஊரில், நம் பங்கிலேயே ஒரு குடும்பம் பள்ளி வேண்டாம் என்பதா? "மறைக்கல்வி வகுப்புக்கு வந்து, மற்றப் பிள்ளைகளைப் போல் வாசித்துக் காட்டாவிட்டால் பையனுக்கு இவ்வாண்டு புதுநன்மை இல்லை" என்று சொல்லியனுப்பினோம். பதில் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை நாமே காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றோம்.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரு மாடி வீடு. தந்தை துவாக்குடிப் பட்டறை ஒன்றில் பற்றவைக்கும் தொழிலாளி. அன்று காலை முறைக்குச் சென்றுவிட்டார். தாய் திருமணத்துக்கு முன் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். "தோத்திரம் சாமி" என்று பிள்ளைகள் இருவரும் எழுந்து நின்றனர். கடைக்குட்டி சேலைத் தூளியில் உறங்கிக்கொண்டிருந்தது. சிறுமியின் முன்னே ஒரு படியும் ஓர் ஆழாக்கும் அரிசியும் இருந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி. அதில் பாதி எவ்வளவு, கால் எவ்வளவு என்று அவள் அளந்து அளந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் முன்னே ஒரு தாம்பாளம். அதில் ஆற்று மணல். விரலால் ஒரு 'ழ' எழுதியிருந்தான். நம்மைக் கண்டதும் உள்ளங்கையால் அதை அழித்துவிட்டான்.

அந்தக் கை அசைவு நம் நெஞ்சில் தைத்தது. ஆயினும் வந்த வேலையைச் சொன்னோம். தாய் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சாமி, எழுத்தெல்லாம் இடம் மாறி ஆடுகிறது என்கிறான். வகுப்பில் நாள்தோறும் எழுந்து வாசிக்கச் சொல்வார்கள். தடுமாறினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாசித்து முடிக்கும்வரை உட்காரக் கூடாது. இரவில் பாயை நனைக்கத் தொடங்கினான். தலைமையாசிரியரிடம் இரண்டு முறை சொன்னோம். பிறகு தங்களுக்கே கடிதம் எழுதினோம்."

அப்படியொரு கடிதம் நமக்கு நினைவில் இல்லை. அதைச் சொல்லவும் செய்தோம். அவர் மறுத்துப் பேசவில்லை. "குடிக்கத் தண்ணீர் தரட்டுமா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை பள்ளி அலுவலகத்தில் கோப்பைத் தேடினோம். கடிதம் இருந்தது. ஒரு பக்கம், தெளிவான கையெழுத்து, பணிவான சொற்கள். அதன் ஓரத்தில் 'தலைமையாசிரியர் பார்வைக்கு' என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தது. கையொப்பம் நம்முடையதே. படித்த நினைவுதான் இல்லை. வகுப்பாசிரியரையும் அழைத்துக் கேட்டோம். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து ஆளுகிறவர் அவர், கொடியவர் அல்லர். வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பியிருந்தார். எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்படும் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர் அல்லர் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர ஏற்பாடு செய்திருக்க வேண்டியவர் தாளாளர்.

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையைத் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். 1965 அக்டோபர் 28இல் வெளியான அவ்வறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசான்கள் என்கிறது. அதே சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று கண்டது. திருமண மறையுரைகளில் இவற்றை எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். ஆனால் ஒரு தாய் அதை நம்பிச் செயல்பட்டபோது, அது நமக்குக் கீழ்ப்படியாமையாகத் தோன்றியது!

பின்னர் அவ்வீட்டிற்குப் பலமுறை சென்றோம், கண்டிக்க அன்று, கற்க. காலைச் செபத்துக்குப்பின் அன்றைய நற்செய்தியைத் தாய் ஒருமுறை சொல்வார்; பையன் இருமுறை சொல்வான். இம்முறையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். எதிர் வீட்டு வைணவப் பெரியவர் விடியலில் தம் பேரனுக்குத் திண்ணையில் பாசுரம் சொல்லித் தருவாராம். ஆசான் ஒருமுறை சொல்ல மாணவன் இருமுறை சொல்லும் அதற்குச் 'சந்தை' என்று பெயர். கண்ணில் தங்காத எழுத்து காதில் தங்கும் என்று அந்தத் தாய் அங்கே கண்டுகொண்டார். நம் பாட்டியின் நினைவு வந்தது. எழுத்தறியாதவர், ஐம்பத்து மூன்று மணிச் செபமும் சிலுவைப்பாதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வார்.

மணலும் புதுமையன்று, நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய பலகை அது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கக் குரு சென்னை எழும்பூரில் 1789 முதல் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்தியபோது, இந்நாட்டுச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். பின்னர் இங்கிலாந்துக்கும் அதைக் கொண்டு சென்றார். நாம் கைவிட்டதை அயலார் எடுத்துச் சென்றனர்.

தந்தைக்கு விடுமுறை வரும் நாளில் ஊரே பாடநூலாகும். ஒருநாள் முக்கொம்புக்குச் சென்றார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில் 1836இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையின் கதையையும், 2018 ஆகஸ்ட் 22இல் கொள்ளிடம் பக்கத்து மதகுகளுள் 9 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட கதையையும் பையன் நமக்கு மூச்சுவிடாமல் சொன்னான். வாசிக்கத் தெரியாதவன் என்று நம் பள்ளி முடிவு கட்டிய பிள்ளை அவன்.

இவ்வளவும் சொன்னபின், அன்பர்கள் யாவரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழகத்தில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள். அம்மாதங்களில் நம் பங்கின் ஒற்றை அறை வீடுகளைக் கண்டோம். ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அப்பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது எழுத்து மட்டுமன்று. சத்துணவும், பாதுகாப்பும், வேறு சாதிப் பிள்ளையின் தோளில் கைபோட்டு நடக்கும் உரிமையுமாகும். 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியின் வாயிலைத் திறந்துவைத்தது. வீட்டுக் கல்வியைப் பற்றி அது தனியே எதுவும் பேசவில்லை. 14 வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவிக்கலாம் என்பது இக்குடும்பத்தின் எண்ணம். அதற்குப் படித்த தாயும், பொறுமையும், ஒருவர் வருமானத்தில் வாழும் துணிவும் வேண்டும்.

தாயும் இதை அறிந்தே இருக்கிறார். "எல்லாராலும் முடியாது சாமி. எனக்கே சில நாள் முடிவதில்லை. கோபத்தில் கை ஓங்கிய நாளும் உண்டு" என்றார். சிறுமி மாடிப்படியில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கி வருகைப் பதிவு எடுப்பதை ஒருநாள் கண்டோம். ஒவ்வொரு கல்லுக்கும் தன் பழைய வகுப்புத் தோழியர் பெயரைச் சொல்லி அழைத்தாள். பதிலும் அவளே சொன்னாள். தாயும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 சனவரி 5இல் நாசரேத்தில் ஆற்றிய உரையில் அவ்வூரின் எளிய இல்லத்தை ஒரு பள்ளிக்கூடமாகவே கண்டார். ஆயினும் அவ்வில்லத்தில் வளர்ந்த சிறுவன் பன்னிரண்டு வயதில் ஆலயத்திலே போதகர் நடுவில் அமர்ந்து கேள்வி கேட்டதையும் நற்செய்தி சொல்கிறது. வீடும் வேண்டும், வீட்டைவிட்டு வெளியே ஓர் அவையும் வேண்டும். அந்த அவை ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைக்குமானால், அவன் வீடு திரும்புவதைக் குற்றம் சொல்ல நாம் யார்?

புதுநன்மை பற்றிய நம் கட்டளையைத் திரும்பப் பெற்றோம். அண்ணனும் தங்கையும் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்தனர். வாசிக்கச் சொல்லி யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். பள்ளியிலும் அவ்வழக்கத்தை நிறுத்தினோம். வாசிப்பில் இடர்ப்படும் எட்டுப் பிள்ளைகளைக் கண்டறிந்து, சனிக்கிழமைகளில் அவர்களுக்குச் சொல்லித் தர முடியுமா என்று அந்தத் தாயையே கேட்டோம். ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தார். ஆனால் பையன் பள்ளிக்குத் திரும்பவில்லை. திரும்பும்படி நாமும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்துக்கு மட்டும், காலம் கடந்து, நம் கைப்பட மறுமொழி எழுதினோம்.

இயேசு ஆண்டவர் எழுதியதாக நற்செய்தி காட்டும் இடம் ஒன்றே. ஒரு பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தித் தலைகுனியச் செய்தபோது, அவர் குனிந்து தரையில் விரலால் எழுதினார். என்ன எழுதினார் என்று யோவான் சொல்லவில்லை. நிறுத்தியவர்கள் ஒவ்வொருவராய் விலகிச் சென்றார்கள் என்று மட்டும் சொல்கிறார். இப்பகுதியைத் திருப்பலியில் வாசிக்கும்போதெல்லாம் ஒரு தாம்பாள மணலும், அதன்மேல் அவசரமாய்ப் படர்ந்த ஒரு சிறு உள்ளங்கையும் நம் கண்முன் வருகின்றன. விலகிச் சென்றவர்களுள் முதலில் சென்றவர்கள் முதியோர் என்பதும் நினைவுக்கு வருகிறது.