ஆழியாறு கடல் சேரும் ஊரில்



விடுமுறை என்றவுடன் நம் கொங்குச் சீமை இல்லங்களில் உதகை, வால்பாறை என்றுதான் பேச்சு எழும். எங்கள் மத்ரஸா மாணவர்கள் பதினெண்மரும் அதையே எதிர்பார்த்தனர். நான் 'பொன்னானி' என்றதும் பலருடைய முகம் வாடிற்று. அங்கே சென்று திரும்பிய இரண்டு நாட்களில் நாங்கள் பெற்ற பயனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணியளவில் உக்கடத்திலிருந்து வேன் புறப்பட்டது. வாளையாற்றைத் தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் இது. கோவைக்கு ஆடிக் காற்று வருவதும் இவ்வழியே. வணிகரும் படைகளும் வந்து போனதும் இவ்வழியே. பாலக்காட்டில் 1766-இல் ஹைதர் அலி எழுப்பிய கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம். அருகில் ஒரு பள்ளிவாசலில் லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். ஏறத்தாழ 77 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தை நாடி ஊரெல்லையைக் கடந்தவர் முஸாஃபிர் என்னும் சட்டத்தைக் கிதாபில் ஓதிய பிள்ளைகள், அதை அன்றுதான் முதன்முறையாகச் செயலில் கண்டனர்.

ஒற்றப்பாலம், பட்டாம்பி வழியாகச் சாலை பாரதப்புழையை ஒட்டியே செல்கிறது. தென்னந்தோப்பு, வயல்வெளி, ஓட்டு வீடுகள் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான நாட்டுப்புறம். ஆற்றில் மட்டும் நீரைவிட மணல்திட்டுகளே மிகுதி. "இது யாருடைய ஆறு?" என்று கேட்டேன். "கேரளத்து ஆறு" என்றனர். ஆனைமலையில் பிறந்து பொள்ளாச்சிப் பக்கம் பாயும் நம் ஆழியாறு, சித்தூர்ப்புழையில் கலந்து, இந்தப் பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் கடலை அடைகிறது என்று சொன்னபோது, வாடிய முகங்கள் நிமிர்ந்தன.

பொன்னானிக்குள் நுழைகையில் அஸர் பாங்கு ஒலித்தது. குவிமாடமோ மினாராவோ இல்லாமல், அடுக்கடுக்கான ஓட்டுக் கூரையோடு நிற்கிறது பெரிய ஜுமுஆப் பள்ளி. உளூவுக்கு விரைந்த என்னை ஒரு மாணவன் தடுத்தான்.

"ஹஜ்ரத், நமக்கு இன்னும் லுஹர் நேரமல்லவா? நாம் எப்படி இவர்களோடு அஸர் தொழுவது?"

நியாயமான கேள்விதான். மலபார் மக்கள் ஷாஃபிஈ மத்ஹபினர், நாங்கள் ஹனஃபிகள். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் அளவை எட்டினால் அவர்களுக்கு அஸர். நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான சொல்லின்படி இரு மடங்காக வேண்டும்.

வாசகர்களே, மாணவப் பருவத்தில் நானும் இதே கேள்வியோடு ஓர் ஊரின் பள்ளிவாசலில் நின்றேன். உள்ளே ஜமாஅத் நடக்க, நான் வெளித்திண்ணையில் தனியே அமர்ந்திருந்தேன். தொழுது வெளியே வந்த பெரியவர் ஒருவர், "உடம்புக்கு முடியவில்லையா, தம்பி?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அந்த வெட்கம் இன்றும் நெஞ்சில் இருக்கிறது. இப்பிள்ளைகளையும் திண்ணையில் அமர்த்துவதா?

"நம் இமாமின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் ஒரு மடங்கு நிழலிலேயே அஸர் நுழைந்துவிடும் என்றே கூறினர். நம் மத்ஹபின் உள்ளேயே இடமிருக்கிறது, ஸஃப்பில் நில்லுங்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றுவதால் முஸாஃபிரும் நான்கு ரக்அத் தொழ வேண்டும்" என்றேன். பதினெண்மரும் ஸஃப்பில் நின்றனர்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) நிறுவிய பள்ளி இது. இங்குள்ள எண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஓதித் தேறியவர்களுக்கே 'முஸ்லியார்' பட்டம் கிடைத்ததாம். மக்தூம்களின் பெயரோடு சேர்ந்து வரும் 'மஃபரி' என்னும் சொல்லில், அரபியர் நம் கிழக்குக் கரைக்கு இட்ட 'மஃபர்' என்ற பெயர் ஒலிக்கிறது. முதலாம் மக்தூமின் பேரர் இரண்டாம் ஜைனுத்தீன் மக்தூம் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' என்னும் ஷாஃபிஈ சட்டநூல் இந்தோனேசியா வரை ஓதப்படுகிறது. போர்த்துகீசியரின் கொடுமைகளையும் மலபார் மக்களின் எதிர்ப்பையும் பதிவு செய்த 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலும் அவருடையதே.

மறுநாள் ஸுப்ஹில் இமாம் குனூத் ஓதினார். எங்கள் பிள்ளைகள் கைகளை உயர்த்தாமல் அமைதியாக நின்றனர். எவரும் எவரையும் முறைக்கவில்லை. பின்னர் அழிமுகம் சென்றோம். மீன்படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. முந்தைய நாள் கேள்வி கேட்ட மாணவன், ஆறும் கடலும் கலக்குமிடத்தில் நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, "உப்பாகிவிட்டது, ஹஜ்ரத்! இதில் ஆழியாறு எது என்று எப்படிச் சொல்வது?" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

கோவையிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பெண்கள் தொழுவதற்கான இடவசதியை முன்னரே கேட்டறிந்து கொள்ளுங்கள். பயணத் தொழுகையின் சட்டங்களையும், பிற மத்ஹபினரோடு ஒரே ஸஃப்பில் நிற்கும் பண்பையும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். நம் பிள்ளைகள் எவரும் திண்ணையில் தனித்து நிற்காதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.