பலிபீடத்துக்கு முன் பறை

கத்தோலிக்க வழிபாட்டுக்குள் பறை வரும்போது உடையும் இசையும் சேர்ந்தே வருகின்றன. தோளில் தொங்கும் கருவி, தலையில் கட்டிய துண்டு, காலில் சலங்கை, வட்டமாகச் சுழலும் அடிவைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பறையாட்டம். திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அக்கரையில், மண்ணச்சநல்லூர் சமயபுரம் வட்டாரத்தில் அம்மன் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் கேட்டுப் பழகிய ஒலி அது. அதே ஒலி திருப்பலியில் எழும்போது, இது கோயிலுக்கு உரியதா என்ற கேள்வியும் எழுகிறது. பதிலில் ஒரு பகுதி திருச்சபைச் சட்டத்தில் உள்ளது. மீதி, அடிப்பவரின் கைத்திறனிலும் பங்கு அவரை நடத்தும் விதத்திலும் உள்ளது.

கோலம் பற்றிய பழைய வழக்கு

தமிழகக் கத்தோலிக்கத்தில் முதலில் வழக்கானது உடைதான். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, இயேசு சபையின் கறுப்பு அங்கியையும் தோல் காலணியையும் விட்டுக் காவியும் பாதக்குறடும் அணிந்தார். மரக்கறி உணவுக்கு மாறினார். சொந்தச் சபைத் தோழர்களே எதிர்த்தார்கள். வழக்கு உரோமைக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத வகையில் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைத் திறந்துவிட்டது. பிராமண சந்நியாசியின் கோலத்தில் இருந்த குரு, ஒடுக்கப்பட்ட சாதியாரோடு வெளிப்படையாகப் பழக முடியாமல் போனார். அந்த இடைவெளியை அடைக்க 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமியின் கோலத்தை ஏற்றார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியாரிடமும் போகக்கூடியவர்கள். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டு 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அருளானந்தரும் அந்த வழியில் வந்தவரே. யாருடைய உடையை எடுத்து உடுத்துகிறோம் என்பதே யாருடைய வீட்டுக்குள் போக முடியும் என்பதையும் முடிவு செய்தது.

இசையும் விரைவில் வழக்குக்கு வந்தது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை, கிறிஸ்தவ இசைக் கலைஞர்கள் இந்துக் கோயில் திருவிழாக்களில் வாசிப்பதைத் தடுத்தது. நோயுற்ற பறையர் வீடுகளுக்கே சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதும் அதே ஆணைதான். வாசித்துப் பிழைத்தவர்களுக்கு முதல் விதி பெரிய இழப்பு. இரண்டாவது, அவர்களுக்குக் காலம் கடந்து கிடைத்த நீதி. பறையின் கதையில் இந்த இரண்டும் இன்றுவரை சேர்ந்தே வருகின்றன.

சட்டம் சொல்வது

1903 நவம்பர் 22இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் இசை பற்றி வெளியிட்ட ஆணை, பியானோவையும் மேளம், தாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளையும் கோயிலுக்குள் தடை செய்தது. வெளியே நடக்கும் பவனியில் பேண்டு வாத்தியத்துக்கு ஆயர் அனுமதி தரலாம் என்று இடம் விட்டது. நம் ஊர்களில் தேர்ப்பவனிக்கு மேளம் முழங்கும், கோயில் வாசலில் நின்றுவிடும் என்ற பழக்கத்துக்கு இந்த எல்லைக்கோடு நன்றாகவே பொருந்தியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தக் கோட்டை நகர்த்தியது. 1963 டிசம்பர் 4இல் வெளியான திருவழிபாட்டு ஏடு, மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு உரிய இசை மரபை மதித்து வழிபாட்டில் இடம் தர வேண்டும் என்றது. குழலார்கனை உயர்வாகச் சொன்ன அதே ஏடு, புனிதப் பயன்பாட்டுக்குத் தகுந்தவையாக இருந்தால், அல்லது தகுந்தவையாக ஆக்கப்படக் கூடுமானால், மற்றக் கருவிகளையும் ஏற்றது. தகுந்ததாக ஆக்கப்படக் கூடும் என்ற இந்த இடத்தில்தான் பறைக்கலைஞரின் வேலை தொடங்குகிறது. 1969இல் இந்தியாவுக்கென உரோமை ஏற்ற 12 தழுவல்களில் காலணி களைதல், கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு, எளிமையாக்கிய திருவுடை ஆகியவை அடங்கும்.

காவி வந்த வழி, பறை வந்த வழி

திருச்சிப் பகுதியில் இந்த மாற்றம் சங்கத்துக்கு முன்பே முளைவிட்டிருந்தது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், ஜூல் மோன்ஷனேன், ஆன்றி ல சோ ஆகிய இரு பிரெஞ்சுக் குருக்கள் 1950இல் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவினார்கள். காவி, தீபாராதனை, கோபுர அமைப்பு என்று கோயில் மரபின் கூறுகள் அங்கே கத்தோலிக்கத் துறவுக்குள் வந்தன. 1977இல் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரி, பரதநாட்டியத்தையும் கர்நாடக இசையையும் கத்தோலிக்கக் கலைக்கல்வியின் நடுவில் வைத்தது. இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகள். இரண்டும் எடுத்துக்கொண்ட வடிவங்கள் சமூகத்தில் முன்பே மரியாதை பெற்றவை.

தமிழ்க் கத்தோலிக்கரில் பெருந்தொகையினர் தலித்துகள். அவர்களுடைய கருவிக்கு இந்தத் தழுவலில் இடம் இல்லை என்ற குரல் 1980களிலும் 1990களிலும் வலுத்தது. சீர்திருத்தச் சபைகளின் பக்கத்தில், மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட நூலில் பறையைக் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ளும் குறியீடாகவே முன்வைத்தார். கத்தோலிக்கப் பக்கத்தில், திண்டுக்கல்லில் அருள்சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழு, ஆண்கள் மட்டுமே அடித்துவந்த பறையைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்தது.

தோல் தீட்டு என்ற வாதம் இன்னும் சில பங்குகளில் முணுமுணுக்கப்படுகிறது. மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு. அதைச் செய்துதருபவர்களில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் முதன்மையானவை என்பதை டி.எம். கிருஷ்ணாவின் 2020ஆம் ஆண்டு நூல் விரிவாகப் பதிவு செய்தது. மிருதங்கம் பாடகர் குழுவில் உட்காரலாம், பறை உட்காரக் கூடாது என்றால் தடை தோலுக்கு விதிக்கப்பட்டதாகாது. அடிக்கும் கைக்கு விதிக்கப்பட்டது. ஒரே திருப்பந்தியில் உண்ணும் திருச்சபை அந்தத் தடையை ஏற்க எந்த நியாயமும் இல்லை.

கருவியும் தீயும்

பறையின் சட்டம் மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்துச் செய்வது. குறுக்களவு ஏறத்தாழ 35 செ.மீ. புளியங்கொட்டைப் பசை தடவி அதன்மேல் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். இடக்கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையும் தடிப்புமான அடிக்குச்சி. தோலில் ஈரம் ஏறினால் ஒலி தொய்ந்துவிடும். தீயில் காய்ச்சினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். காய்ச்சும்போது விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். மந்தமாக இருந்த ஒலி கணீரென்று தெறிக்கும் கட்டத்தில் தீயிலிருந்து எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அதிகமானால் தோல் கிழியும்.

இந்தத் தீதான் வழிபாட்டில் முதல் நடைமுறைச் சிக்கல். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி மார்கழிப் பனியில் நடக்கிறது. ஆற்றுப்படுகை ஊர்களில் அந்நேரம் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். ஆகவே கோயில் வாசலுக்குச் சற்றுத் தள்ளி வைக்கோலோ சருகோ போட்டுத் தீமூட்ட ஓர் இடம் வேண்டும். புகை உள்ளே வராத பக்கமாக அதை அமைப்பது பங்குப் பேரவையோடு முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டிய காரியம்.

பாஸ்கா திருவிழிப்பு இன்னும் கடினமானது. பெரிய வியாழன் வானவர் கீதத்துக்குப் பிறகு கருவிகள் பாடலைத் தாங்கும் அளவுக்கே ஒலிக்கலாம். திருவிழிப்பின் வானவர் கீதத்தில்தான் மணிகளோடு அவை மீண்டும் முழங்கும். அதற்கு முன் புதுத்தீ மந்திரித்தல், பாஸ்கா புகழுரை, பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு வரை. தொடக்கத்தில் காய்ச்சிய பறை அதற்குள் தொய்ந்திருக்கும். கடைசி வாசகத்தின் பதிலுரைப்பாடல் நேரத்தில் ஒருவர் பறைகளை வெளியே எடுத்துப்போய் மறுபடி காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். மந்திரித்த புதுத்தீயை இதற்குப் பயன்படுத்துவதில்லை, தனித்தீ வேண்டும். ஃபைபர் முகம் பொருத்திய பறைக்கு இந்தப் பாடு கிடையாது. ஆனால் அதன் ஒலி, கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கோயிலில் காதைக் குத்தும்.

அடியும் இடமும்

திறந்த வெளியில் அடிக்கப் பிறந்த கருவியைக் கூரைக்குக் கீழே அடிக்கும்போது எதிரொலி ஒவ்வோர் அடியையும் அடுத்த அடியின் மேல் தள்ளிவிடும். சிண்டுக்குச்சியின் நுண்ணிய ஓட்டம் முதலில் காணாமல் போகும். வெறும் இரைச்சல் மிஞ்சும். இதற்குச் செய்யக்கூடியவை தெளிவானவை: பறைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, காலத்தைத் தளர்த்துவது, சிண்டை அடக்கி அடிக்குச்சிக்கு முதன்மை தருவது, பாடல் வரி முடியும் இடைவெளியில் மட்டும் முழு வீச்சைத் திறப்பது. மக்களின் வாய்ப்பாடல் பறையின் கீழ் அமுங்கினால் அந்த அடி தோற்றது. 1967இல் வந்த திருஇசை பற்றிய அறிவுரையும் கருவியின் ஒலி பாடும் குரலை மூழ்கடிக்கக் கூடாது என்றே சொல்கிறது.

எந்த அடி என்பது இன்னும் முக்கியமானது. பறையில் சப்பரத்து அடி, வாழ்த்தடி, மாரடிப்பு அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. கேட்பவருக்கும் அது தெரியும். சப்பரத்து அடி பவனிக்கு உரியது. கத்தோலிக்கத் திருவிழாவிலும் சப்பரம் உண்டு என்பதால் வருகைப் பவனிக்கு அது இயல்பாகச் சேர்கிறது. வாழ்த்தடி வானவர் கீதத்துக்கும் அல்லேலூயாவுக்கும் பொருந்தும். மாரடிப்பு அடி பெரிய வெள்ளி மாலையில், வழிபாடு முடிந்தபின் ஊர்வலமாகக் கொண்டுபோகும் ஆண்டவரின் திருவுருவத்துக்கு உரியது. சாவு வீட்டில் அடித்துப் பழகிய கைகள் அங்கே தம் துயரத்தை எல்லாம் தரலாம். மருள் அடி சாமியாட வைப்பதற்கென்றே உள்ளது. அது திருப்பலிக்கு வேண்டாம். இந்த விலக்கில் அவமதிப்பு இல்லை. அந்த அடிக்கு உண்மையான ஆற்றல் உண்டு என்று நம்புகிறவரே அதை வேறு வேலைக்கு எடுக்கமாட்டார்.

அமைதிக்கும் ஒழுங்கு உண்டு. குரு நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது எந்தக் கருவியும் ஒலிக்கக் கூடாது என்கிறது உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை. தவக்காலத்தில், 4ஆம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே நிற்கும். பறைக்குழுவுக்கு இது கட்டுப்பாடு போலத் தோன்றும். நாற்பது நாள் அடங்கியிருந்த பறை உயிர்ப்பு இரவில் எழும்போது சபை முழுவதும் நிமிர்வதைப் பார்த்தவருக்கு அந்த அடக்கத்தின் அருமை தெரியும்.

துண்டு

உடையில் மிக நுட்பமானது தலைத்துண்டு. கோயிலில் ஆண்கள் தலையை மூடுவதில்லை என்பது பழைய கத்தோலிக்க வழக்கம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல் வரை அது போகும். ஆகவே பறைக்குழு நுழையும்போது துண்டை அவிழ்க்கச் சொல்வார்கள். அவிழ்த்த துண்டு எங்கே போகும்? இடுப்பில் கட்டு, கக்கத்தில் வை என்று ஆதிக்க சாதித் தெருக்களில் அதட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். கடவுளுக்கு முன் காட்டும் பணிவும் ஊரார் முன் திணிக்கப்பட்ட பணிவும் ஒரே அசைவில் கலந்துவிடும் இடம் இது.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே, மக்களின் ஏற்கப்பட்ட வழக்கம் வேறாக இருந்தால் ஆண்கள் தலை மூடியிருப்பதற்கு விலக்கு அளித்திருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதியே இல்லை. எனவே பவனியிலும் ஆட்டத்திலும் தலைப்பாகை இருக்கலாம். நற்செய்தி வாசகத்திலும் நற்கருணை மன்றாட்டிலும் தலை திறக்க வேண்டும் என்று பங்கு விரும்பினால், துண்டு தோளுக்கு வரட்டும். இடுப்புக்கு இறங்க வேண்டாம். தோளில் கிடக்கும் துண்டு வழிபாட்டு வழக்கத்தையும் காக்கிறது, போராடிப் பெற்ற மானத்தையும் காக்கிறது. சலங்கையை ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிட்டால் திருவிருந்துக்கு நடந்துபோகும் நேரம் அமைதியாக இருக்கும்.

இளைஞரின் கறுப்புச் சட்டை

வழிபாட்டுக்குத் தகுந்ததா என்று பார்க்கும் அளவுகோல் பறைக்கு மட்டும் உரியதன்று. ராக், மெட்டல் கேட்கும் இளைஞர்கள் கறுப்புச் சட்டையும் காதில் வளையமும் கையில் பச்சையுமாக இளையோர் திருப்பலிக்கு வருகிறார்கள். கிதாரும் டிரம்ஸும் கொண்டுவருகிறார்கள். இத்தாலியக் கப்புச்சின் துறவி சேசரே போனிட்சி துறவுடையோடே மெட்டல் குழுவில் பாடி, 2008இல் பெரிய இசைவிழா மேடையேறினார். 1997இல் போலோஞ்ஞாவில் நற்கருணை மாநாட்டில் இரண்டாம் யோவான் பவுலின் முன் பாப் டிலன் பாடினார். இரண்டும் திருப்பலிக்கு வெளியே நடந்தவை. மேடைக்கு உரியது மேடையிலும் வழிபாட்டுக்கு உரியது வழிபாட்டிலும் இருக்க, இரண்டிலும் அதே மனிதர் முழு விசுவாசியாக இருக்க முடியும். வழிபாட்டுக்குள் வரும் எதையும் கேட்க வேண்டியவை மூன்றுதான்: இது சபையைப் பாடவைக்கிறதா, இறைவார்த்தைக்கு வழிவிடுகிறதா, இதைக் கொண்டுவருபவர் மதிக்கப்படுகிறாரா.

அடிப்பவரின் இடம்

மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபடுகிறது. திருவிழாவுக்குப் பறைக்குழுவை அழைத்து, வாசலில் நிறுத்தி, அடி முடிந்ததும் கூலி கொடுத்து அனுப்புவது பழைய ஊர் ஒழுங்கின் தொடர்ச்சி. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு அதை நீக்கக் கடமைப்பட்டிருப்பதாகச் சொன்னது. பறைக்குப் பொருத்தினால் அந்தக் கடமை மிக எளிய வடிவம் எடுக்கும். பறைக்குழுவினர் பாடகர் குழுவோடு சேர்ந்து பயிற்சி பெற வேண்டும். பாடல் தேர்வில் அவர்களுக்கும் குரல் வேண்டும். திருப்பலி முழுவதும் அவர்களுக்கு உள்ளே இருக்கை வேண்டும். சன்மானம் கொடுத்தால் ஆர்கன் வாசிப்பவருக்குக் கொடுக்கும் அதே முறையில், அதே மரியாதையோடு கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள விரும்பும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அவர்களே ஆசிரியராக அமர வேண்டும். கருவி மட்டும் உள்ளே வந்து, அடிப்பவர் வெளியே நின்றால் பறை இன்னும் கோயிலுக்குள் வரவில்லை என்றே பொருள்.