அனுப்பியாச்சு

பெண்ணாடத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். குழுவில் ஒன்பது பேர், ஒன்பது ஊர். எங்களை ஒன்றாக வைத்திருப்பது ஒரு அரட்டைச் செயலி. அதில் மனிதர்கள் பேசுவதைவிட இயந்திரங்கள் பேசுவதே அதிகம். புதிதாக எழுதிய நிரல் சோதனையில் தேறியதா, நள்ளிரவில் ஓடவேண்டிய வேலை ஓடி முடிந்ததா என்பதையெல்லாம் நிரலே குழுவுக்குச் சொல்லிவிடும்.

இதைச் செய்வது சுலபம். ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் கிளிக் என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வழிதான். குழுவுக்கென்று ஒரு இணைய முகவரி கிடைக்கும். அதற்கு வெப்ஹுக் என்று பெயர். 2007இல் ஜெஃப் லிண்ட்சே என்ற நிரலாளர் வைத்தது. நிரல் எழுதும் திரையிலிருந்தே அந்த முகவரிக்கு நான்கைந்து வரியில் ஒரு செய்தியைத் தள்ளினால், அடுத்த நொடி எல்லாருடைய கைப்பேசியும் சிணுங்கும்.

முகவரிதான் சாவி. அது தெரிந்த எவரும் உங்கள் குழுவில் செய்தி போடலாம். அதனால் அதை நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாமல் தனியாக வைக்கவேண்டும் என்பது முதல் பாடம். இரண்டாவது பாடத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததும் ஸ்லாக்கிடமிருந்து ‘ஓகே’ என்று ஒரு சொல் திரும்பி வரும். அதைச் சொல்வது அங்கிருக்கும் சர்வர். மனிதர் யாரும் படித்துவிட்டார் என்று அதற்குப் பொருள் கிடையாது.

இந்த வித்தியாசம் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்ததைப் பார்த்திருக்கிறேன். முன்பு நான் இருந்த நிறுவனம், ரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவர்களுக்கு அனுப்பும் மென்பொருளைப் பராமரித்து வந்தது. நான் வேறு குழுவில் இருந்தேன். ஒருநாள் இரவு ஒன்றே முக்காலுக்கு முடிவுகள் போவது நின்றுவிட்டது. காலை ஆறு மணிவரை யாருக்கும் தெரியவில்லை. எத்தனை நோயாளிகள் அந்த நேரம் காத்திருந்தார்கள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மேலாளர் திரையைக் காட்டி, “நோட்டிஃபிகேஷன் போயிருக்கே, லாக்ல இருக்கு பாருங்க” என்றார். இருந்தது. அதற்கு மேலும் கீழும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று நூற்றுக்கணக்கான பச்சைச் செய்திகளும் இருந்தன. இரவுப் பணியில் இருந்த பெண், “சார், எல்லாமே ஒரே சத்தத்துலதான் வருது” என்றாள். அந்த மாதமே அவளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

சித்தப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கதையைச் சொன்னபோது முதலில் அவருக்குப் பிடிபடவில்லை.

“அவ பார்த்தேன்னு திருப்பிச் சொன்னாளா?”

“இல்ல சித்தப்பா. அதுல அப்படி ஒண்ணும் கிடையாது.”

“அப்புறம் எப்படிடா அனுப்பியாச்சுன்னு சொல்றீங்க?”

அவர் காலத்தில் பக்கத்து ஸ்டேஷனோடு பேச பிளாக் கருவியில் ஒரு மணி இருந்தது. ஒரு அடி என்றால் கவனி. இரண்டு, லைன் கிளியர் உண்டா? மூன்று, வண்டி கிளம்பிவிட்டது. நான்கு, வண்டி வந்து சேர்ந்துவிட்டது. ஆறு அடித்தால் ஆபத்து. அடித்ததை எதிர் ஸ்டேஷன்காரர் அப்படியே திருப்பி அடிக்கவேண்டும். திருப்பி அடிக்காதவரை செய்தி போனதாகக் கணக்கில்லை. அதோடு, நேரத்தை இரண்டு பக்கமும் பதிவேட்டில் எழுதவேண்டும்.

எங்கள் லாகில் இயந்திரம் மட்டுமே எழுதியிருந்தது. எதிர்ப்பக்கத்துப் பதிவேடே இல்லாத ஒரு ஸ்டேஷனில் அந்தப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள்.

இது எங்கள் தொழிலுக்கு மட்டும் வந்த கேடு என்று சொல்லமாட்டேன். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கிய சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. முக்கியமில்லாதவற்றை அடக்க வழி இருக்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. அந்த அறையில் எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. எதைக் கேட்பது என்பதுதான் தெரியாமல் போனது.

இப்போதைய குழுவில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். நல்லபடியாக முடிந்த வேலை எதுவும் அரட்டைக்கு வராது. காலை ஒன்பது மணிக்கு மொத்தத்துக்கும் ஒரே வரி. பழுது என்றால் குழுவுக்குப் பொதுவாகப் போடாமல், அன்றைய பொறுப்பாளரின் பெயரைச் சொல்லி வரும். கீழே ‘நான் பார்க்கிறேன்’ என்று ஒரு பொத்தான். பத்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால் அடுத்தவருக்குத் தொலைபேசி அழைப்பு போகும். இன்னொன்று, மௌனத்தை நம்புவதில்லை. செய்தி அனுப்பும் நிரலே செத்துப்போனால் யார் சொல்வது? அதனால் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று வேறொரு இயந்திரத்திடம் ஆஜர் கொடுக்கும். ஆஜர் நின்றால் அந்த இயந்திரம் எங்களை எழுப்பும்.

போன மாதம் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வந்தார். சூளையின் வெப்பம் 1,200 டிகிரிக்கு மேல் போகும். அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாருடைய வாட்ஸப்புக்கும் அனுப்ப ஒரு நிரல் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்.

“எழுதிடலாம்ணே. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏறிப்போச்சுன்னா யார் எழுந்து போவாங்க?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நான்தான் போவணும். சூளைகிட்ட நிக்கிற பையன் புதுசு.”

“அப்ப மத்தவங்களுக்கு எதுக்கு?”

“சரி, எனக்கு மட்டும் அனுப்பு. ஏறினா மட்டும். நான் எடுக்கலன்னா தம்பிக்குப் போன் பண்ணச் சொல்லு.”

நிரல் அறுபது வரிகூட வரவில்லை. தம்பியின் எண்ணை வாங்கத்தான் இரண்டு நாள் ஆனது. ராத்திரி எழுந்திருக்க அவர் சம்மதிக்கவேண்டுமே.