வெறுங்கையோடு வந்த விருந்தாளி

மார்கழி பிறக்குமுன்னரே திருகோணமலைக் கடைத்தெருவில் நத்தார் பிறந்துவிடுகிறது. மத்திய வீதியில் நடந்தால் காகித நட்சத்திரங்களும் பிளாஸ்டிக் மரங்களும் கண்ணைப் பறிக்கின்றன. ஒலிபெருக்கிகள் கழிவு விலையைக் கூவுகின்றன. எங்கள் கரையில் வாடைக்காற்று வீசுவதும் இக்காலத்திலேதான். கடல் கொந்தளிப்பதால் பல நாள்கள் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். கடற்றொழிலாளர் வீட்டில் வருவாய் குறைந்திருக்கும் வேளையிலேதான் கடைகள் அவர்களிடம் அதிகமாகக் கேட்கின்றன. பிள்ளைகளின் புத்தாடைக்காகத் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதும் உண்டு.

திருச்சபை இந்த வாரங்களுக்கு இட்ட பெயரோ திருவருகைக் காலம். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் இதில் அடங்கும். குருவானவர் ஊதா நிற உடை அணிவார். ஞாயிற்றுப் பூசையில் வானவர் கீதம் பாடப்படாது. வாரத்துக்கொன்றாக நான்கு மெழுகுதிரிகள் ஏற்றும் வழக்கமும் உண்டு. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஏழைச் சிறுவர்களைப் பராமரித்த யோகான் விக்கேர்ன் என்ற போதகர், பண்டிகைக்கு எத்தனை நாள் என்று கேட்ட பிள்ளைகளுக்காக 1839 இல் ஏற்றிய திரிகளிலிருந்து வளர்ந்தது அது. இரண்டு அங்கியுள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று போதித்த ஸ்நாபக யோவானின் நினைவும் இக்காலத்துக்கு உரியது.

சைவனாகிய எனக்கு இவை அந்நியமாகத் தோன்றவில்லை. கார்த்திகைப் பூரணையின் மறுநாள் தொடங்கி இருபத்தொரு நாள் நாங்களும் பிள்ளையார் கதை விரதம் காக்கிறோம். இருபத்தோரிழைக் காப்பைக் கையில் கட்டி, ஒருபொழுது உண்டு, கோயிலில் கதை கேட்கிறோம். சுன்னாகத்து வரத பண்டிதர் பாடிவைத்த கதை அது. இரு சமயத்தாரும் ஏறக்குறைய ஒரே வாரங்களிற் காத்திருக்கிறோம்.

எங்கள் அடுத்த வளவார் கத்தோலிக்கர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள், நத்தாருக்கு மறுநாட் காலை, கடல் பொங்கி வந்தபோது இரு வீட்டாரும் ஒன்றாகவே மேட்டு நிலத்துக்கு ஓடினோம். என் தாயாரின் கையைப் பிடித்து இழுத்துச் சென்றவர் அந்த வீட்டு அக்காதான். அத்தகைய நாங்கள், சில ஆண்டுகளுக்கு முன் இரண்டடி வேலிக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டோம். நத்தார்ப் பலகாரத் தட்டு மட்டும் தவறாமல் வந்தது, ஒரு சிறுமியின் கையில். எங்கள் பொங்கலும் அவ்வாறே போயிற்று. தட்டுகள் பேசிக்கொண்டன, மனிதர் பேசவில்லை.

ஒரு மார்கழி மாலை. மழை தூறிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றேன். படலையைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"தம்பி, தட்டு பிறகு வரும். அதுக்கு முன்னம் நான் வரவேணும். அண்டைக்கு நான் சொன்ன சொல்லுகளை நீங்களும் அம்மாவும் பொறுத்துக்கொள்ள வேணும்" என்றார்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அம்மா உள்ளிருந்து வந்து, "நனையாமல் உள்ளே வா, பிள்ளை" என்று அவர் கையைப் பற்றினார். அப்போதுதான் என் மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் உணவைக் குறைத்திருந்தேன். கோபத்தில் ஓர் இழையையேனும் குறைத்தேனா? வகுப்பிலே மாணவருக்குப் பொறையுடைமை கற்பிக்கும் என்னால், பத்து அடி நடந்து அடுத்த வளவுக்குப் போக முடியவில்லை. மறுநாட் காலை நான் போனேன். வேலியைப் பற்றி அல்ல, கடலைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியுமே பேசினோம்.

அந்த நத்தாருக்கு வந்த தட்டில் பலகாரம் முன்னையிலும் குறைவு. தொழில் இல்லாத மாதம் அல்லவா? ஆனால் தட்டை ஏந்தி வந்தவர் அக்காவே. அம்மாவுடன் இருந்து தேநீர் அருந்திய பின்னரே அவர் வீடு திரும்பினார்.

புத்தாடையும் பலகாரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சியும் பண்டிகையின் பங்கே. ஆயினும், கடைக்குப் போகுமுன் எழுதும் பட்டியலின் தலைப்பில், நாம் பேசாது விட்ட ஒருவரின் பெயரையும் எழுதிக்கொள்வோமாக. அதற்குப் பணம் வேண்டியதில்லை. எனினும், வாங்குவன எல்லாவற்றிலும் அரியது அதுவே.